அழவும் நடக்கவும் ஒரு தோட்டம் தந்த விக்டோரியா அம்மையாருக்கு

மதுரை வண்டியூர் அருள்நலம் மருத்துவமனையில் செவிலியராய் அடியெடுத்து வைத்து, செவிலியர் கண்காணிப்பாளராய் உயர்ந்து, இன்று பணிநிறைவு பெறும் திருமதி விக்டோரியா இன்பசேகரன் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் அனைவரும் உவகையோடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்!

கருணைக்குக் கண்டிப்பையும் கண்டிப்புக்குக் கருணையையும் காவலாய் நிறுத்திய கண்காணிப்பாளரே! நோயுற்றோர் நெற்றியில் வைத்த கையையும், நேரந்தவறி வந்தோர் மேல் வைத்த கண்ணையும் ஒரு நாளும் எடுக்காத நேர்மையாளரே! 'வெண்சீருடையில் வந்த விடிவெள்ளியே' என்றும் ஒரு வரி எழுதி வைத்திருந்தோம். அதைக் கேட்டால், "வெள்ளியெல்லாம் இருக்கட்டும், அந்தச் சீருடைய மொதல்ல இஸ்திரி போட்டு மாட்டுங்க" என்று தாங்கள் சொல்வீர்கள் என்பதால் அடித்துவிட்டோம்.

தங்கள் பண்புகளை வரிசையாக அடுக்கி வாசிப்பதுதான் முறை. ஆயினும், பேரையூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தங்கள் உற்றார் உறவினருக்கு, இந்த விழா ஏன் மேடையும் மின்விசிறியும் உள்ள அரங்கத்தில் நடக்காமல் மருத்துவமனைக்குப் பின்புறம், புங்கை மரத்தடியில் நடக்கிறது என்பது தெரிந்திருக்காது. தாங்கள் வீட்டுக்குப் போய் எதையும் சொல்கிறவர் அல்லர். எனவே, நாங்கள் சொல்கிறோம். நடந்தது நடந்தபடி சொன்னாலே அது பாராட்டாகிவிடும் என்ற நம்பிக்கையில் சொல்கிறோம்.

வானம் பார்த்த பேரையூர் மண்ணில் மிஷன் பள்ளி ஆசிரியரின் மகளாய்ப் பிறந்து, செவிலியர் படிப்பை முடித்த கையோடு இங்கு வந்து சேர்ந்தவர் தாங்கள். பக்கவாதம் வந்தோரும் நினைவு மங்கியோரும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் மருத்துவமனை இது. இங்கே நோயாளி ஒரே நாளில் எழுந்து நடப்பதில்லை. இன்று விரல் அசைந்தால் அடுத்த மாதம் மணிக்கட்டு அசையும். அந்த அசைவுக்காகப் பொறுமையோடு காத்திருக்கவும், அசைந்த அன்று வார்டு முழுவதும் கேட்கக் கைதட்டவும் எங்களுக்குப் பழக்கியவர் தாங்களே. இளஞ்செவிலியர் தடதடவென்று ஓடினால், "இது ஆஸ்பத்திரியா, மாட்டுவண்டிப் பந்தயமா?" என்று தாங்கள் கேட்பதும், கேட்டுவிட்டு அவசரம் என்னவென்று பார்க்கத் தாங்களே எங்களைவிட வேகமாக ஓடுவதும் நாங்கள் கண்ட காட்சிகள்.

கருணையின் கண்ணாடியே!

பெருந்தொற்றின் இரண்டாம் அலை அடங்கிய கோடையில்தான் இந்தத் தோட்டத்தின் கதை தொடங்கியது. மருத்துவமனையே களைத்துக் கிடந்த காலம் அது. எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். எத்தனையோ பேரை அனுப்ப முடியாமல் போனது. ஒரு நாள் முற்பகலில், போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் அடுக்கி வைக்கும் அறைக்குத் தாங்கள் சென்றபோது, அலமாரிக்குப் பின்னால் நின்று செவிலியர் ரூத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இன்று இம்மடலை வாசிக்கும் அதே ரூத்தான். அவர் கவனித்துவந்த அம்மையார் ஒருவர் அன்று காலைதான் இறந்திருந்தார்.

"இங்க என்னம்மா பண்ற?" என்று கேட்டீர்கள்.

"வேற எங்க மேடம் போயி அழுகுறது? வார்டுல அழுதா பேஷண்டு பயந்துருவாங்க. வராந்தாவுல அழுதா சொந்தக்காரங்க ஓடியாந்து என்னாச்சுன்னு கேப்பாங்க. பாத்ரூமுல எப்பவும் ஆளு."

திட்டு விழும் என்று ரூத் எதிர்பார்த்தார். தாங்கள் திட்டவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த அறையின் சன்னல் வழியே பின்புறத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றீர்கள். அங்கே உடைந்த கட்டில்களும், பழைய ஜெனரேட்டரும், ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடந்தன. நடுவில் ஒற்றைப் புங்கை மரம். மறுநாளே மருத்துவமனைச் செயலாளரின் அறைக்குச் சென்று, அந்த இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டீர்கள்.

"செடி வைக்கவா சிஸ்டர்? முன்னாடிதான் பூந்தொட்டி இருக்கே" என்றார் செயலாளர்.

"அது வாரவங்க பாக்குறதுக்கு சார். நான் கேக்குறது இங்க இருக்கவங்களுக்கு" என்றீர்கள்.

தோட்டம் போடுவது என்றால் செடி வாங்குவது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். தாங்கள் கேட்டதோ சக்கர நாற்காலி. அதையும் வாங்கவில்லை; வார்டிலிருந்து ஒன்றை எடுத்து அதில் அமர்ந்துகொண்டு, இயன்முறை மருத்துவர் கார்த்திகேஷை அழைத்து, கருவேலம் வெட்டிச் சுத்தம் செய்த அந்த மேடுபள்ளத்தில் தள்ளச் சொன்னீர்கள்.

"மேடம், விழுந்தீங்கன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க!" என்று அவர் அலறினார்.

"தள்ளுப்பா. விழுகுற எடம் எதுன்னு பாக்கத்தான வந்திருக்கோம்."

அன்று நாங்கள் மாடிச் சன்னல்களில் நின்று வேடிக்கை பார்த்தோம், சிரித்தோம். ஆனால், சக்கரம் எங்கே சிக்கியதோ அங்கெல்லாம் தாங்கள் சுண்ணாம்பால் குறியிட்டதைக் கண்டபோது சிரிப்பு அடங்கியது. அடுத்த நாள் வலக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடக்கையால் மட்டும் மண்ணைக் கிளறி நாற்று நட்டுப் பார்த்தீர்கள். மூக்குக் கண்ணாடியில் வாசலைன் தடவி, கண்புரை உள்ளவருக்குப் பாதை எப்படித் தெரியும் என்று நடந்து பார்த்தீர்கள். ஒவ்வொன்றும் தோட்டத்தின் ஓர் ஏற்பாடாக மாறியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் குனியாமல் கைநீட்டிச் செடியைத் தொடும் உயரத்துக்குக் கட்டைச்சுவர் எழுப்பி அதன்மேல் பாத்திகள் அமைந்தன. பளபளக்கும் டைல்ஸ் வேண்டாமென்று சொரசொரப்பான சிமெண்டுப் பாதை வந்தது. பாதை எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்று மங்கிய கண்ணுக்கும் தெரிய, ஓரம் முழுவதும் மஞ்சள் பூசப்பட்டது. இருபுறமும் பிடித்து நடக்கக் கைப்பிடிக் கம்பி. முள் இருக்கிறது என்று ரோஜாவையும், நஞ்சு இருக்கிறது என்று அரளியையும் தள்ளிவைத்து, மல்லிகையும் மரிக்கொழுந்தும் துளசியும் பவளமல்லியும் தேர்ந்தெடுத்தீர்கள். பேச்சை இழந்தவருக்கும் மணம் புரியும் என்பது தங்கள் எண்ணம். கிள்ளி முகர்ந்து பார்க்கவே மரிக்கொழுந்து வைத்திருப்பதால், கிள்ளுகிறவரை யாரும் தடுக்கக்கூடாது என்பது தாங்கள் போட்ட ஒரே சட்டம்.

பிறகு அந்த மூலை. மருதாணி வேலிக்குப் பின்னால், எல்லோருக்கும் முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி ஒரு கல் இருக்கை. கொத்தனார் நல்லகாமன் திருப்பிப் போட்டுவிட்டாரோ என்று செயலாளரே கேட்டார். "சரியாத்தான் போட்டுருக்காரு சார். அழுகுறவங்க மொகத்த யாரும் பாக்கவேண்டாம்" என்றீர்கள். அதன்பின் போர்வை அறையில் யாரும் அழவில்லை. அந்த இருக்கையில் செவிலியர் அமர்ந்ததுண்டு. மகனை இழந்த தந்தை அமர்ந்ததுண்டு. பெயர் சொல்ல மாட்டோம், மூத்த மருத்துவர் ஒருவரும் அமர்ந்ததுண்டு. எழுந்து வருகிறவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதும் ஒரு சிகிச்சை என்பதைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்ததில்லை, தங்களிடம் கற்றோம்.

துணிவின் தூணே!

இனி, அந்த நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முன்வரிசையில் துணைவியாருடன் அமர்ந்திருக்கும் பெரியவர் சௌந்தரராஜன், பட்டுநூலுக்குச் சாயமேற்றும் தொழிலில் பெயர் பெற்றவர். பக்கவாதமும் அதைத் தொடர்ந்து நினைவு மங்கலும் வந்து இங்கு சேர்க்கப்பட்டார். ஆயுள் முழுக்கத் தமிழில் வியாபாரம் பேசியவருக்குத் தமிழ் முற்றிலும் நழுவிப்போய், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழி மட்டும் எஞ்சியிருந்தது. வார்டில் எங்களில் இருவரைத் தவிர யாருக்கும் அது புரியாது. துணைவியார் லலிதாம்பாள் அருகில் இருந்தால் ஏதோ பேசுவார். இல்லாவிட்டால் வாசலைப் பார்த்தபடி நிற்பார். தோட்டத்தில் மட்டும் நிம்மதியாக இருந்தார். இடக்கையைக் கைப்பிடிக் கம்பியில் வைத்தபடி, நின்று நின்று, செடி செடியாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஆனால், சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. தட்டை வைத்தால் தள்ளுவார். ஊட்டினால் வாயை மூடுவார். சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆனது. குழாய் வழியே உணவு செலுத்தலாமா என்று மருத்துவர்கள் பேசத் தொடங்கியிருந்தனர்.

அன்று நண்பகல் தண்ணீர் லாரி வந்தது. தோட்டத்தின் ஓரத்தில் இருந்த பின்கதவைத் திறந்துவிட்டு, லாரி பின்னால் வரக் கைகாட்டிக்கொண்டிருந்தார் காவலாளி காசிமாயன். செவிலியர் ஒருவர், மயங்கிச் சரிந்த மற்றொரு நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் சௌந்தரராஜன் கதவைக் கடந்து தெருவுக்குப் போய்விட்டார்.

தெரிந்ததும் மருத்துவமனையே பதறியது. பக்கத்தில் ரிங் ரோடு. லாரிகள் பறக்கும் சாலை. பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. வழி கேட்கத் தமிழ் வராது. காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. பணியாளர்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் தெப்பக்குளத்துக்கும் ஓடினர். கப்பலூர்த் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் மகன் பாலமுரளி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் அவர் பேசியதை இன்று அவர் முன்னிலையிலேயே சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறோம்.

"தோட்டமாம் தோட்டம்! பூச்செடியக் காட்டி எங்கப்பாவத் தொலைச்சுட்டீங்களே! அவருக்கு ஒண்ணு ஆச்சு, உங்க ஒருத்தரையும் விடமாட்டேன்!"

லலிதாம்பாள் அம்மையார் தூணைப் பிடித்தபடி தரையில் அமர்ந்துவிட்டார். தாங்கள் தாயாருக்கு அருகில் தரையில் அமர்ந்து கேட்டீர்கள்:

"அம்மா, வீட்லயும் அவரு நடக்கையில சுவத்தப் பிடிச்சுத்தான் நடப்பாரா?"

"ஆமா சிஸ்டர். எடது கையால. சுவரு இல்லாத எடத்துல நின்னுருவாரு. நடுவுல நடக்கச் சொன்னா பயப்படுவாரு."

தாங்கள் எழுந்தீர்கள். பின்கதவுக்குச் சென்று, இடக்கையைச் சுவரில் வைத்தீர்கள். "எல்லாரும் ரோட்டத் தேடுறாங்க. அவரு ரோட்டுக்குப் போகமாட்டாரு. சுவத்தோட போயிருப்பாரு. வாங்க" என்றபடி நடந்தீர்கள். பாலமுரளியும், எங்களில் கார்த்திகேஷும் ரூத்தும் பின்னால் வந்தனர். எங்கள் மதில் முடிந்த இடத்தில் மரக்கடையின் மதில் ஒட்டியபடி தொடங்கியது. அது முடிந்த இடத்தில் பள்ளிக்கூட மதில். பள்ளிக்கூட மதில் முடிந்த இடத்தில் வாழைமரம் கட்டிய கல்யாண மண்டபத்தின் மதில். அது உள்நோக்கித் திரும்பியது, தாங்களும் திரும்பினீர்கள்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில், இலைக்கு முன்னால், பெரியவர் சௌந்தரராஜன் சம்மணமிட முடியாததால் தனியாகப் போட்ட மேசைக்கு முன் நாற்காலியில் ராஜா போல் அமர்ந்து, சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு ரசத்துக்குக் காத்திருந்தார்.

பாலமுரளியின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. மணப்பெண்ணின் தந்தை ஓடிவந்தார்.

"இவரு உங்க ஆளுகளா? நான் மாப்ள வீட்டுப் பெரியவருன்னுல்ல நெனச்சேன்! வாசல்ல தயங்கி நின்னாரு. வாங்க வாங்கன்னு கையப் பிடிச்சுக் கூட்டியாந்து உக்கார வச்சேன்."

மாப்பிள்ளையின் சித்தப்பா கையில் பாயச வாளியோடு நின்றார். "நாங்க பொண்ணு வீட்டுக்காரவுகன்னு நெனச்சோம். எம்புட்டு மரியாதையா சாப்புடுறாருங்கிறீக! ரெண்டு தடவ சோறு வாங்குனாரு."

"என்னது, ரெண்டு தடவையா?" என்றீர்கள் தாங்கள். அவ்வளவுதான், எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. தகவல் கேட்டுப் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய லலிதாம்பாள் அம்மையார், கணவரின் அருகில் போய் அவர் மொழியில் ஏதோ கடிந்துகொண்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் கையால் தட்டினார், உட்கார் என்று. மணவீட்டார் அவருக்கும் இலை போட்டார்கள். பெரியவர் பாயசம் குடித்து, இலையை மடித்து, கைகழுவி எழும்வரை அவரை யாரும் அவசரப்படுத்த விடவில்லை தாங்கள்.

திரும்பி வந்ததும் பாலமுரளி நேராக மருதாணி வேலிக்குப் பின்னாலிருந்த இருக்கைக்குச் சென்றார். அவர் தோள்கள் குலுங்கியதை நாங்கள் தூரத்திலிருந்து கண்டோம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவருக்கு அருகில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தீர்கள்.

ஆபத்து நீங்கிற்று. ஆனால், தோட்டம் தப்பவில்லை. மறுநாளே அதற்குப் பூட்டுப் போடப்பட்டது. செயலாளரின் அச்சத்தில் நியாயம் இருந்தது. அதை இன்று இந்த ஒலிபெருக்கியில் சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டார். அடுத்த முறை கல்யாண மண்டபத்துக்குப் பதில் ரிங் ரோடாக இருந்தால் யார் பதில் சொல்வது? தோட்டத்தை எடுத்துவிட்டு வாகன நிறுத்தமாக்குவது என்று முடிவாகவிருந்தது. காசிமாயனை வேலையிலிருந்து நீக்கவும் பேச்சு எழுந்தது. அந்தக் கூட்டத்தில் தாங்கள் எழுந்து சொன்ன வார்த்தைகளைக் காசிமாயன் தம் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

"கதவத் தெறந்தது காசிமாயன்தான் சார். ஆனா அந்த எடத்துல கதவ வச்சது நான். லாரி வார வழியும் நோயாளி நடக்குற வழியும் ஒண்ணா இருக்கலாமான்னு யோசிக்காம வச்சது நான். நீக்குறதுன்னா என்னைய நீக்குங்க. இல்லைன்னா சரிபண்ண விடுங்க."

காசிமாயனின் வேலை அன்று தப்பியது. பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

பூட்டிய நாள்களில் நோயாளிகள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். மாலையானால் சக்கர நாற்காலிகள் வராந்தாவின் கடைசிக்கு உருண்டு வந்து தோட்டத்தின் பூட்டிய கம்பிக்கதவுக்கு முன்னால் நிற்கும். தூக்க மாத்திரை கேட்போரின் எண்ணிக்கை கூடியது. அப்போதுதான், எதிர்பாராத திசையிலிருந்து உதவி வந்தது. புகார் சொல்ல வருகிறார்கள் என்று நாங்கள் அஞ்சிய பாலமுரளியும் தாயாரும் செயலாளரின் அறைக்குள் சென்றனர்.

"பூட்டுப் போட்டதுலருந்து இவரு அந்தப் பூட்டையேதான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு சார்" என்றார் லலிதாம்பாள். "தோட்டத்துக்குள்ள இருந்தப்ப ஒரு நாளும் கதவத் தேடல. அன்னிக்கு அதுவாத் தெறந்துச்சு, போனாரு."

பாலமுரளி தலைகுனிந்தபடி சொன்னார்: "நான் கத்துனது தப்பு இல்ல சார், பயத்துல கத்துனேன். ஆனா ஒண்ணு. ரெண்டு மாசமா எங்கப்பா வயிறாரச் சாப்ட்ட ஒரே நாளு அன்னிக்குத்தான். ஏன்னு விக்டோரியா சிஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்க சொல்றதக் கேளுங்க."

தாங்கள் சொல்லவில்லை, காட்டினீர்கள். தோட்டத்தில் கழிகளை நட்டு, கயிறு கட்டி, செயலாளரை அழைத்து, இடக்கையால் கயிற்றைப் பிடித்தபடி எங்கு வேண்டுமானாலும் போகச் சொன்னீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். மல்லிகைப் பக்கம் போனார், புங்கையைச் சுற்றினார், கிளைப்பாதை ஒன்றில் திரும்பினார். ஒவ்வொரு முறையும் செவிலியர் அமரும் மேசைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார்.

"என்ன சிஸ்டர் இது? எங்கிட்டுப் போனாலும் இங்கனதான் வந்து நிக்கிறேன்!"

"அதுதான் சார் வேணும்" என்றீர்கள். "நடக்குறவங்களத் தடுக்கக் கூடாது. நடந்து முடிக்கையில நம்மகிட்ட வந்து சேரணும்."

பூட்டுத் திறந்தது. லாரிக்குத் தோட்டத்துக்கு அப்பால் தனிக் கதவு அமைந்தது. பழைய கதவு இருந்த இடம் சுவராகி, அதன்மேல் சங்குப்பூக் கொடி படர்ந்தது. முட்டி நின்றுவிடும் பாதையே இல்லாமல் எல்லாப் பாதைகளும் வளைந்து செவிலியர் மேசைக்கே வந்து சேர்ந்தன. பெரியவர் தட்டைத் தள்ளியது பசியில்லாமல் அல்ல, கட்டிலில் தனியே அமர்ந்து உண்ணப் பிடிக்காமல் என்பதை அந்தப் பந்தியிலேயே தாங்கள் கண்டுகொண்டிருந்தீர்கள். புங்கை மரத்தடியில் நீளமான மேசை போட்டு, நடமாட முடிந்தோர் எல்லோருக்கும் பகலுணவை அங்கே இலையில் பரிமாறச் செய்தீர்கள். உடன் இருப்போரும், பணி இடைவேளையில் நாங்களும் அதே வரிசையில் அமர்ந்தோம். சாப்பிட மறுத்தோர் பக்கத்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டனர். உணவுக் குழாயின் பேச்சு நின்றது. சௌந்தரராஜனின் சட்டை மீண்டும் உடம்பில் பொருந்தியது.

அவர் வீடு திரும்புவதற்குச் சில நாள்களுக்கு முன் அது நடந்தது. தாங்கள் பரிமாறியபடி வரிசையில் வந்துகொண்டிருந்தீர்கள். அவர் இலைக்கு முன் தாங்கள் குனிந்தபோது, அவர் தங்கள் கையைப் பிடித்து நிறுத்தி, முகத்தை உற்றுப் பார்த்து, மாதக்கணக்கில் அவர் நாவுக்கு வராத தமிழில் கேட்டார்:

"நீங்க சாப்ட்டீங்களா?"

லலிதாம்பாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். தாங்கள், "இன்னும் இல்லங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கரண்டியை ரூத்திடம் கொடுத்தீர்கள். மருதாணி வேலிக்குப் பின்னால் தாங்கள் சென்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். திரும்பி வந்தபோது நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

நலம் காத்த நல்லவரே!

இந்தத் தோட்டம் எல்லோரையும் குணப்படுத்திவிடவில்லை. மறதி மறதியாகவே இருக்கிறது. மங்கிய கண் மங்கியே இருக்கிறது. சௌந்தரராஜன் ஐயாவுக்கு இன்று தங்கள் பெயர் தெரியாது. ஆனால், தங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அதை இம்மரத்தடியில் இருக்கும் அனைவரும் கண்டோம். குணமாகாதவரும் நிம்மதியாக வாழலாம் என்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை மண்ணிலும் மணத்திலும் நிழலிலும் தாங்கள் அமைத்துத் தந்தீர்கள். தங்கள் ஓய்வுக்குப் பின் இது என்னவாகும் என்று எங்களுக்குள் இருந்த அச்சமும் சென்ற வாரம் தீர்ந்தது. தோட்டம் உள்ள நிலத்தில் இனி எக்கட்டடமும் எழுப்புவதில்லை என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. தங்களுக்குப் பின் பொறுப்பேற்கும் ஹம்சவேணி அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒரு சுற்று வந்துவிட்டார். தள்ளியவர் கார்த்திகேஷ், இம்முறை அவர் அலறவில்லை.

தங்கள் துணைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் இன்பசேகரன் ஐயா, பேரையூர் வீட்டில் தங்களை வரவேற்க ஆயத்தமாக இருக்கிறார். "நான் வச்ச கத்திரிச்செடியப் பிடுங்கிட்டுப் பாதை போடாம இருந்தாச் சரி" என்று அவர் எங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். அதற்கு எங்களால் உறுதி கூற இயலாது ஐயா! உடல்நலமும் உள்ளநலமும் குறையாமல், உறக்கமும் ஊக்கமும் உடனிருக்க, பேரன் பேத்தியரின் பேச்சொலி சூழ, இருவரும் நெடிது வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

பணி முடித்துச் செல்லும் செவிலியர், அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். 'ஓவர் கொடுப்பது' என்று இதை நாங்கள் சொல்வோம். இத்தனை ஆண்டுகளும் தாங்கள் எங்களுக்குக் கொடுத்தீர்கள். இன்று, மனக்கவலையின்றித் தாங்கள் படியிறங்க வேண்டும் என்பதற்காக, நாங்கள் தங்களுக்குக் கொடுக்கிறோம்:

ஆண்கள் வார்டில் எல்லோரும் காலை உணவு முடித்தனர். பெண்கள் வார்டில் நேற்றுச் சேர்ந்த அம்மையாருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கோடிக் கட்டில் கண்ணுச்சாமியின் கட்டைவிரல் இன்று விடியலில் அசைந்தது; வார்டு முழுவதும் கேட்கக் கைதட்டினோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்று. அழும் இருக்கையில் இந்த நேரத்தில் யாரும் இல்லை.

எல்லோரும் நலம், அம்மா. தாங்கள் வீட்டுக்குப் போகலாம்.

என்றும் தங்கள் அன்பு மறவா,
மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறைப் பிரிவினர், சமையற்கூடத்தார், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளர்கள்,
அருள்நலம் மருத்துவமனை, வண்டியூர், மதுரை.